நாலரைக் கட்டை

கீபோர்டில் யார் எந்தக் கட்டையை அழுத்தினாலும் திரும்பிப் பார்க்காமலேயே அது எந்தக் கட்டை என்று சொல்லிவிட வேண்டும். ஜெனிபர் இந்தப் பயிற்சியைத் தொடங்கியபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. அந்த வயதுக்கு மேல் அது வராது என்று செல்போனில் பாடம் எடுத்த சென்னை வாத்தியார் சொன்னார். "சின்னப் பிள்ளையா இருக்கும்போதே காதுல பதிஞ்சிருக்கணும்மா. ஒரு சுருதியக் கேட்டு அதை வச்சு இன்னொன்னக் கண்டுபிடிக்கிறீங்க இல்ல, அதுவே போதும்."

அவளுக்கு அது போதவில்லை. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊர் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு அவள்தான் வாசிப்பாள். பாட்டை எடுத்துக் கொடுக்கும் பெரியவர் எந்தச் சுருதியில் தொடங்குவார் என்பது அவருக்கே தெரியாது. அவர் ஆரம்பித்த பிறகு இவள் இரண்டு மூன்று கட்டைகளைத் தப்பாக அழுத்தித் தேடுவாள். முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சி கொடுத்தது அவள் கணவன் லூர்துராஜ். மின்வாரியத்தில் வயர்மேன். அவனுக்குச் சங்கீதம் தெரியாது. வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை நம்பர், இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று அரை சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது. சாயங்காலம் வந்து கைகால் கழுவிக்கொண்டு கீபோர்டுக்கு முன்னால் உட்காருவான். அவள் சமையல்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

"இது?"

"அஞ்சு."

"இது?"

"ரெண்டரை."

தப்பாகச் சொன்னால் வாயாலேயே பஸ்ஸர் அடிப்பான். முந்தின சத்தத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததை ஊகிக்கக் கூடாது என்பதற்காக இரண்டுக்கும் நடுவில் எழுந்து வந்து மிக்சியை ஓடவிட்டு நிறுத்துவான். முதல் வருடம் பத்துக்கு இரண்டு சரியாக இருந்தது. மூன்றாவது வருட முடிவில் பத்துக்கு ஒன்பது. தப்பாகப் போகும் அந்த ஒன்றும் பக்கத்துக் கட்டையாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு அவன் காதில் விழுந்ததற்கெல்லாம் கட்டை கேட்க ஆரம்பித்தான். குக்கர் விசில் என்ன, மாவு மில் என்ன, டவுன் பஸ் ஹாரன் என்ன. ஒருநாள் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே வண்டியை நிறுத்தி, "இதச் சொல்லு பாக்கலாம்" என்றான்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "அஞ்சும் இல்ல, அஞ்சரையும் இல்லங்க. நடுவுல நிக்கிது."

"பதினாறு வருசமா இதுக்குக் கீழ நிக்கிறேன். எனக்கு இது வெறும் உர்ருதான்" என்று சொல்லிச் சிரித்தான். மறுநாள் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த விளையாட்டு தினமும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது.

தை மாதம் மூன்றாவது ஞாயிறு. காலை ஆறரைப் பூசைக்கு இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். பனி இறங்கியிருந்தது; ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பு நின்றது. பாதி வழியில் பின் டயர் பஞ்சர். இன்னும் அரைக் கிலோமீட்டர்தானே என்று லூர்துராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஜெனிபர் கீபோர்டு பையை முதுகில் மாட்டிக்கொண்டு மண் ஓரமாக முன்னால் நடந்தாள். அவளுக்கும் அவனுக்கும் இருபது அடி இருக்கும்.

பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. எடுக்காமல் அழுத்திய ஒரே நீளமான ஹாரன். அவள் திரும்பினாள். பனிக்குள் ஒரு வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு மோதிய சத்தம். ஹாரன் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. வெள்ளை நிறப் பிக்கப் வண்டி ஒன்று அவளைக் கடந்து போனது. பின்பக்கம் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. நம்பரை அவள் பார்க்கவில்லை. லூர்துராஜ் கரும்புக்கு ஓரமாக வாய்க்காலில் கிடந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே உயிர் போயிருந்தது.

காவல் நிலையத்தில் எழுத்தர் கேட்டதற்கு வெள்ளை வண்டி, நீலத் தார்ப்பாய் என்று சொன்னாள். வேறு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்றார்.

"ஹாரன் சார். ரெண்டு சத்தம் சேர்ந்து வந்துது. நாலரைக் கட்டையும் ஆறரைக் கட்டையும்."

அவர் பேனாவை நிறுத்தி அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, எழுதாமலேயே பக்கத்தைத் திருப்பினார்.

பக்கத்தில் நின்றிருந்த லூர்துராஜின் அண்ணன் ஜான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு ஏக்கர் கரும்பு வைத்திருப்பவர், கோயில் கமிட்டியில் இருப்பவர். வெளியே வந்ததும் கேட்டார். "ஜெனிபரு, அந்த சத்தத்த மறுபடி கேட்டா உன்னால சொல்ல முடியுமா?"

"முடியும் மாமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அது காத உட்டுப் போவல மாமா. இப்பக்கூட கேட்டுகினுதான் இருக்குது."

எட்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஜான் தன்னுடைய ஆட்கள் நாலு பேருடன் எடைமேடைக்கு அருகில் போய் நின்றார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறங்கும் வண்டிகள் அங்கே நின்று எடை போட்டுத்தான் போகும். ஜெனிபருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவள் கள்ளக்குறிச்சியில் உரக்கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு லீவு சொல்லிவிட்டு தினமும் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பிக்கப்பிடமும் ஜானின் ஆட்கள் போய், "அண்ணே, ஹாரன ஒருவாட்டி அமுத்துங்க" என்பார்கள். அவள் தலையை ஆட்டுவாள். நாலும் ஆறும், நாலும் ஆறும், அஞ்சு மட்டும், மறுபடி நாலும் ஆறும்.

அங்கே உட்கார்ந்த பத்தாம் நாள் பகல் பதினோரு மணிக்கு ஒரு வண்டி வந்தது. பழைய வண்டி, வெள்ளை, நீலத் தார்ப்பாய். முன்பக்கத்தில் இடது பக்க விளக்கு உடைந்து தகரம் நசுங்கியிருந்தது. ஓட்டி வந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். ஜான் கேட்டதும் அவன் ஜெனிபரை ஒரு தரம் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினான்.

நாலரை. ஆறரை.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "இன்னொருவாட்டி."

அவன் அழுத்தினான்.

"இன்னொருவாட்டி."

மூன்றாவது முறையும் அதேதான். ஜான் அவள் முகத்தைப் பார்த்து, "நல்லாத் தெரியுமா?" என்றார்.

"இதான் மாமா."

பத்தில் ஒன்று தப்பாகப் போகும் என்பது அப்போது அவள் நினைவுக்கு வரவேயில்லை.

அவனைக் கதவைத் திறந்து இழுத்தார்கள். மலையில் வெள்ளிமலைப் பக்கம், பெயர் சின்னதுரை என்றான். "அந்த ஞாயித்துக்கெழம நா இந்தப் பக்கமே வரலீங்க, ஆத்தூருக்கு லோடு போயிருந்தேன், வெளக்கு மாடு முட்டி ஒடஞ்சுதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஜான்தான் முதல் அடி அடித்தார். பிறகு யார் யார் அடித்தார்கள் என்று சொல்ல முடியாதபடி கூட்டம் சேர்ந்துவிட்டது. எவனோ ஒருவன் வண்டியிலிருந்தே ஜாக்கி ராடை எடுத்தான். ஜெனிபர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. போலீஸ் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது அவனுடைய இடது கண் இருந்த இடம் மூடிப்போயிருந்தது.

அன்றைக்கு அவள் பதினெட்டு நாளைக்குப் பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கினாள்.

கோயிலில் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டவர் கொடுத்த காது என்றார்கள். சின்னதுரையின் கண்ணை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். அங்கிருந்து நேராகச் சிறைக்குப் போனான். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவனை அடித்ததற்கு, பெயர் தெரியாத கும்பல் என்று ஒரு வரி எழுதி முடித்தார்கள்.

மாசி மாதத்தில் அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் காலை ஊர் ஸ்டாப்பிங்கில் நின்றிருந்தாள். அவள் தினமும் போகும் டவுன் பஸ்தான் வந்தது. அதன் ஹாரன் ஐந்து கட்டை. உள்ளே உட்கார்ந்து எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள். ஸ்டாப்பிங்குக்கு வரும்போது பஸ் எப்போதும் மெதுவாகத்தான் வரும். அன்றைக்குப் படியெல்லாம் கூட்டம் தொங்கியது. டிரைவர் நிறுத்தாமல் ஹாரனை அழுத்தியபடி வேகமாக வந்தார்.

அவள் காதில் விழுந்தது ஐந்தரை.

வேறு பஸ்ஸோ என்று நிமிர்ந்து பார்த்தாள். அதே பஸ், அதே டிரைவர். அவளைத் தாண்டியதும் அதே ஹாரன் சட்டென்று இறங்கியது. நாலரை. தூரம் போகும்வரை நாலரையாகவே இருந்தது.

அவள் வேலைக்குப் போகவில்லை. வடக்கனந்தலில் இருக்கும் தம்பி ஆல்பர்ட்டுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். கோமுகி அணைக்குப் போகும் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு இடத்தில் நின்றுகொண்டு, நிற்கும் பைக்கில் ஹாரனை அழுத்தச் சொல்லிக் கேட்டாள். ஆறு கட்டை.

"இப்ப தூரமாப் போயி, எழுவதுல வா. ஹாரன்லருந்து கைய எடுக்காத."

"இன்னாத்துக்குக்கா?"

"வா, சொல்றேன்."

எழுபதில் வந்தபோது ஆறரை. திரும்பிப் போனபோது ஐந்தரை. ஐம்பதில் வரச் சொன்னாள். ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் நின்றது. மறுபடி எழுபது. மறுபடி ஆறரை. ஆறாவது முறை வந்து நிறுத்தியபோது அவள் ரோட்டு ஓரத்தில் குந்தியிருந்தாள்.

"அக்கா, இது பாலிடெக்னிக்ல படிச்சதுதான். வண்டி கிட்ட வரச்சே சத்தம் ஏறும், தாண்டிப்போனா எறங்கும். சின்னசேலத்துல ரயில் போறப்பகூட கேட்டிருப்பியே" என்றான் ஆல்பர்ட்.

"ஏன்டா எனக்கு யாரும் சொல்லல?"

"நீ யார்கிட்டக்கா கேட்ட?"

அவள் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கத் தோன்றாத அளவுக்கு அவளுக்குத் தன் காதின் மேல் நம்பிக்கை இருந்தது. அந்த வண்டி அவளை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தது. அவள் கேட்டது நாலரையும் ஆறரையும். அப்படியென்றால் நின்றுகொண்டு அழுத்தினால் அந்த வண்டி கொடுக்கும் சத்தம் அரைக் கட்டை குறைவு. நாலும் ஆறும்.

அன்று மதியமே கள்ளக்குறிச்சியில் வண்டிகளுக்கு ஹாரன், லைட் மாட்டும் கடை ஒன்றுக்குப் போனாள். கடைக்காரர் வீரமணி பேட்டரியில் வயரை வைத்து ஒவ்வொரு ஹாரனாக அடித்துக் காட்டினார். மூன்றாவது ஜோடி நாலும் ஆறும். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இது எத்தினி வண்டில இருக்கும்ணே?"

"இதுவா? இது புது வண்டிங்களுக்குக் கம்பெனிலருந்தே வர்ற ஜோடிம்மா. நம்ம ரோட்டுல ஓடற பிக்கப்புல பாதிக்கு மேல இதான் இருக்கும். ஏம்மா?"

எடைமேடையில் பத்து நாளும் தலையை ஆட்டி அனுப்பிவைத்த வண்டிகள் ஒவ்வொன்றாக அவள் கண்ணுக்கு முன் வந்தன. சின்னதுரையின் வண்டி பழசு. எங்கேயோ கழற்றிய ஏதோ ஒரு ஹாரனை அதில் மாட்டியிருக்கிறார்கள். அந்த ரோட்டிலேயே அவன் வண்டிக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் இருந்திருக்கிறது.

ஆல்பர்ட்டையும் கூட்டிக்கொண்டு ஜானிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. ஆல்பர்ட் விளக்கிச் சொன்னதும் நம்பினார்; நம்பியதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்ட எல்லாம் சொன்ன?"

"உங்ககிட்டதான் மொதல்ல."

"அதோட நிறுத்திக்க. அவன் இல்லன்னு நீ போய்ச் சொன்னா, அப்ப அவன அடிச்சது யாருன்னு கேப்பான். எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது ஜெனிபரு."

"அவருக்கு ஒரு கண்ணு போச்சு மாமா."

"எந்தம்பிக்கு உசுரே போச்சு. நா எங்கண்ணால பாத்தனா, காதால கேட்டனா? நீ இதான்னு சொன்ன. நா அடிச்சேன். உன்ன நம்பித்தான அடிச்சேன்?"

அவர் சொன்னது உண்மை.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "அன்னைக்கு இந்தக் காதுதான் கரெக்ட்டுன்னீங்க. இன்னைக்கு அதே காது தப்புன்னு சொல்றீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க? அவனே ஒத்துக்கிட்டான். வீட்டுக்குப் போம்மா" என்றார்.

அவள் மலைக்குப் பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்துச் சின்னதுரையின் வீட்டைக் கண்டுபிடித்தபோது பகல் இரண்டு மணி. அவன் மனைவி அமுதா கூலிக்குப் போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெனிபர் தான் யார் என்று சொன்னாள். அமுதா சொம்பைக் கீழே வைத்தாள்.

"நீங்களா கை காட்டினது?"

"ஆமாங்க."

"எதுக்கு வந்தீங்க? செத்துட்டாரான்னு பாக்கவா?"

ஜெனிபர் பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள். வேகமாக வரும்போது சத்தம் ஏறும் என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

"சத்தத்த வெச்சு சொன்னேங்க. மலைக்காரருன்னு நெனச்சு சொல்லலீங்க."

"நீங்க அப்படிச் சொல்லல, சரி. அதே சத்தம் உங்க ஊருக்காரரு வண்டில கேட்டிருந்தா அவர எறக்கி அடிச்சிருப்பாங்களா? அன்னைக்கி எங்க போனீங்கன்னு மொதல்ல கேட்டிருப்பாங்க. எங்க வூட்டுக்காரரு சொன்னாரு இல்ல, ஆத்தூருக்குப் போனேன்னு? நீங்க பக்கத்துலதான நின்னீங்க? அது உங்க காதுல உழுந்துதா, இல்லியா?"

விழுந்தது. அவன் அதை நாலைந்து தரம் சொன்னான். ஒவ்வொரு தரமும் அவள் காதில் விழுந்தது.

அமுதா உள்ளே போய் ஒரு பாலிதீன் பையை எடுத்து வந்தாள். அதற்குள் ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றின் எடைச்சீட்டு இருந்தது. வண்டி நம்பர், தேதி, நேரம் காலை ஆறு பத்து. லூர்துராஜ் இறந்தபோது அந்த வண்டி மலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. "மூணுவாட்டி ஸ்டேசனுக்கு எடுத்துகினு போனேன். யாரும் கையில வாங்கல" என்றாள்.

வக்கீல் ஒருவரிடம் காட்ட ஜெனிபர் அந்தச் சீட்டைக் கேட்டாள். கொடுக்க அமுதாவுக்கு மனம் வரவில்லை. ஜெனிபரை நம்ப அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை. கடைசியில் தானும் கூடவே வந்து வக்கீலிடம் தன் கையால்தான் கொடுப்பேன் என்றாள். இருவரும் ஒரே பஸ்ஸில் இறங்கி வந்தார்கள். அமுதா முன்னால் உட்கார்ந்தாள், ஜெனிபர் பின்னால்.

மாஜிஸ்ட்ரேட் முன்பு ஜெனிபர் வாக்குமூலம் கொடுத்தாள். தான் கேட்டது தப்பாகப் போனது எப்படி என்பதைச் சொன்னாள். எடைமேடையில் நடந்ததையும் சொன்னாள். யார் முதலில் அடித்தது என்று கேட்டபோது ஜானின் பெயரைச் சொன்னாள். "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். "பாத்துகினு நின்னேங்க" என்றாள்.

சின்னதுரை இரண்டு மாதம் பத்து நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். ஆடி மாதம் அவன் மேல் இருந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் ஒரு கண்ணோடு லோடு வண்டி ஓட்ட உரிமம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியும் காவல் நிலையத்து வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து வீணாகியிருந்தது. அவனை அடித்ததற்குப் புதிதாக ஒரு வழக்கு போட்டார்கள். ஜான் முதல் எதிரி. அடையாளம் தெரிந்த மூன்று பேர் அடுத்து. தூண்டிவிட்டதாக ஜெனிபர் ஐந்தாவது. அவளுடைய வாக்குமூலமே அதற்குச் சாட்சி.

ஜான் குடும்பத்தில் யாரும் அவளோடு பேசுவதில்லை. லூர்துராஜின் முதல் வருடப் பூசைக்குத் தனியாகப் பணம் கட்டிக்கொண்டார்கள். அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கோயிலில் வேறொருவர் வாசிக்கிறார். லூர்துராஜை அடித்துவிட்டுப் போன வண்டி கிடைக்கவில்லை. நாலும் ஆறுமாக ஹாரன் அடிக்கும் வண்டிகள் தினமும் அவள் வீட்டைத் தாண்டிப் போகின்றன. எதையும் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

முதல் வாய்தாவுக்குக் கோர்ட்டுக்கு வந்திருந்தபோது வராந்தாவில் சின்னதுரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கேட்கும் தூரத்தில் சுவரோரமாக அவள் நின்றாள். பிறகு அவன்தான் கேட்டான், அவளைப் பார்க்காமல், எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஒண்ணு கேக்கலாமாங்க?"

"கேளுங்கண்ணே."

"அன்னைக்கி ஹாரன் அமுத்தச் சொன்னாங்க. எதுக்குன்னு தெரியாது. அமுத்த மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். நீங்க நாற்காலில உக்காந்துகினு இருந்தீங்க. மொகத்தப் பாத்தா எழவு வூட்டுல இருந்து எழுந்து வந்தவங்க மாதிரி இருந்துது. சரி, பாவம், இன்னமோ கேக்குறாங்கன்னு அமுத்தினேன். மூணுவாட்டி அமுத்தினேன்." அவன் தோள் துண்டால் கண் இல்லாத பக்கத்தைத் துடைத்துக்கொண்டான். "அமுத்தாம போயிருந்தா உட்டிருப்பாங்களா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லலாம். உடைந்த விளக்கைப் பார்த்தே பிடித்திருப்பார்கள் என்று சொல்லலாம்.

"உட்டிருப்பாங்கண்ணே" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். உள்ளே இருந்து வழக்கு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஜானின் வக்கீல் வரவில்லை. வழக்கு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போனது.